ரொட்டியும் விறகும் ஒரே சரக்கா? வாசகர் கேள்வி பதில்

போன இதழில், ரொட்டியை வாயில் வைத்து நன்றாக மென்றால் ஏன் கொஞ்ச நேரத்தில் இனிக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். எச்சிலில் உள்ள அமைலேசு என்ற நொதியம் மாப்பொருளை வெட்டிச் சீனியாக்குகிறது என்று நாலு வரியில் பதில் எழுதி முடித்துவிட்டேன். அந்த நாலு வரியைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. வந்ததில் ஏறக்குறைய எல்லாமே சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்குத்தான் வருகின்றன: ஒரு சீனி அலகு இன்னொன்றோடு எப்படி ஒட்டிக்கொள்கிறது, ஒட்டியதை யாரால் பிரிக்க முடியும், யாரால் முடியாது. ஆகவே இந்த முறை பக்கம் முழுக்க அதற்கே. கறிமிளகாய்ச் செடிக்கு இலை சுருளுகிறது என்று எழுதியவர்கள் அடுத்த இதழ்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஓர் உயர்தர மாணவி: டீச்சர், மாப்பொருளும் செலுலோசும் இரண்டுமே குளுக்கோசால் ஆனவை என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ரொட்டியைச் சாப்பிடுகிற நாம் ஏன் விறகைச் சாப்பிட முடியாது? அல்பா 1,4, பீற்றா 1,4 என்று பாடமாக்கி வைத்திருக்கிறேன், ஆனால் அது என்னவென்று உண்மையில் விளங்கவில்லை.

மகள், பாடமாக்கினால் புள்ளி வரும், அதுதான் நம் வினாத்தாள்களின் கோளாறு. அந்த இலக்கம் என்ன சொல்கிறது என்று ஒரு வரி கேட்டால் பாதிப் பேர் பேனாவை வைத்துவிடுவார்கள். சரி, ஆரம்பத்திலிருந்து வருவோம்.

குளுக்கோசில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன். தண்ணீரில் கரைந்திருக்கும்போது அது பெரும்பாலும் வளையமாகத்தான் இருக்கும். வளையத்துக்குள் 5 காபனும் 1 ஒட்சிசனும், ஆறாவது காபன் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். காபன்களுக்கு 1 முதல் 6 வரை இலக்கம் போட்டிருக்கிறார்கள். அல்பா 1,4 என்பதில் வரும் 1 உம் 4 உம் அந்த இலக்கங்கள்தான். ஒரு வளையத்தின் முதலாம் காபன், அடுத்த வளையத்தின் நாலாம் காபனோடு ஓர் ஒட்சிசன் அணு வழியாகப் பிணைகிறது. இரண்டு பக்கத்திலும் இருந்த ஐதரொட்சில் (ஓர் ஒட்சிசனும் ஓர் ஐதரசனும் சேர்ந்த) கூட்டங்களிலிருந்து ஒரு தண்ணீர் மூலக்கூறு கழன்று போக, மிஞ்சிய ஒட்சிசன் நடுவில் நிற்கிறது. கிளைக்கோசிடிக் பிணைப்பு என்பது இவ்வளவுதான்.

இதில் முதலாம் காபன் மட்டும் மற்றவற்றைப் போல இல்லை. அது வளையத்தின் ஒட்சிசனையும் பிடித்திருக்கிறது, தன் ஐதரொட்சிலையும் பிடித்திருக்கிறது, அதனால் தாக்கம் நடப்பதென்றால் பெரும்பாலும் அங்கேதான் நடக்கும். அந்த ஐதரொட்சில் வளையத்துக்குக் கீழே தொங்கினால் அல்பா, மேலே நின்றால் பீற்றா. (நீங்கள் கொப்பியில் அறுகோணமாக வரைகிற படத்தில் சொல்கிறேன்; அந்தப் படமுறைக்கு ஹவர்த் என்ற பிரிட்டிஷ் இரசாயனவியலாளரின் பெயர், அவருக்கு 1937 இல் நோபல் பரிசு கிடைத்தது.) தண்ணீரில் தனியாகக் கிடக்கும் குளுக்கோசு இந்த இரண்டுக்கும் இடையில் மாறிக்கொண்டே இருக்கும், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அல்பா, மற்ற இரண்டு பங்கு பீற்றா. ஆனால் இன்னோர் அலகோடு பிணைந்துவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது, எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கமே பூட்டிவிடும்.

இப்போது நாலாம் காபனைப் பாருங்கள். குளுக்கோசில் அதன் ஐதரொட்சில் கீழே இருக்கிறது. முதலாம் காபனும் கீழே என்றால், அதாவது அல்பா என்றால், இரண்டும் ஒரே பக்கம், வளையத்தைத் திருப்பாமலே பிணைத்துக்கொண்டு போகலாம். முதலாம் காபன் மேலே என்றால் அடுத்த வளையம் தலைகீழாகப் புரண்டால்தான் பிணைப்புச் சரியாக வரும், அதற்கடுத்தது மறுபடி நேராக, அதற்கடுத்தது மறுபடி புரண்டு. ஒரு லயத்தை, தோட்டத்து வரிசை வீடுகளை, நினைத்துக்கொள்ளுங்கள்: எல்லாக் காம்பராவுக்கும் (வீட்டுக்கும்) இஸ்தோப்பு (திண்ணை) முன்பக்கமே இருந்தால் அது அல்பா, ஒன்றுக்கு முன்பக்கம் அடுத்ததற்குப் பின்பக்கம் என்று மாறி மாறிக் கட்டியிருந்தால் அது பீற்றா. கல்லும் தகரமும் இரண்டுக்கும் ஒன்றே.

இந்தச் சின்ன வித்தியாசத்திலிருந்துதான் எல்லாம் பிரிகிறது. அல்பாவாகப் பிணைந்த சங்கிலி ஒவ்வொரு பிணைப்பிலும் கொஞ்சம் வளைந்து, வளைந்து, சுருளாகிவிடும், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 6 குளுக்கோசு. அது அமைலோசு, மாப்பொருளின் ஒரு பகுதி. பீற்றாவாகப் பிணைந்தது வளையாமல் நாடா மாதிரி நேராக ஓடும், பக்கத்து நாடாவோடு ஐதரசன் பிணைப்புகளால் நெருக்கமாக ஒட்டிக்கொள்ளும், அப்படி ஒட்டிய கற்றைகள்தான் நார். அது செலுலோசு. 1838 இல் பிரான்சில் அன்செல்ம் பயென் என்பவர் மரத்திலிருந்து இதைப் பிரித்தெடுத்துப் பார்த்தபோது, மாப்பொருளில் உள்ள அதே மூலகங்கள் அதே விகிதத்தில் இருக்கக் கண்டார். பொருள் ஒன்றே, கட்டிய விதம் வேறு.

விறகைச் சாப்பிட முடியாததற்குக் காரணம் அதன் கடினம் மட்டும் இல்லை, நம் நொதியம்தான். அமைலேசு அல்பா 1,4 பிணைப்பை மட்டும் தன் பள்ளத்துக்குள் பிடித்து வெட்டும்படி அமைந்தது, பீற்றா சங்கிலி அதற்குள் பொருந்தாது. நொதியம் பூட்டு, சாவி போல வேலை செய்கிறது என்று படித்திருப்பீர்களே, அந்தக் கருத்தை 1894 இல் எமில் ஃபிஷர் சொன்னதே இந்த அல்பா, பீற்றா வேறுபாட்டை வைத்துத்தான். மதுவத்தில் (ஈஸ்ட்) உள்ள நொதியம் அல்பா பிணைப்பை மட்டும் வெட்டியது, பாதாம் பருப்பில் உள்ளது பீற்றாவை மட்டும் வெட்டியது. பள்ளிக்கூடத்தில் பூட்டையும் சாவியையும் ஒரு பாடத்திலும் அல்பா பீற்றாவை இன்னொரு பாடத்திலும் வைத்துவிட்டு, இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதையே சொல்லாமல் விடுகிறோம்.

மாடு புல்லைத் தின்று கொழுக்கிறதே என்று கேட்பீர்கள். மாட்டுக்கும் அந்த நொதியம் சொந்தமாகக் கிடையாது, அதன் முதல் இரைப்பையில் குடியிருக்கும் நுண்ணுயிர்களுக்குத்தான் இருக்கிறது. அவையும் இல்லாமல், அமிலமும் சூடும் இல்லாமல், வெறும் தண்ணீரில் சாதாரண வெப்பநிலையில் விட்டால் செலுலோசின் பிணைப்புகளில் பாதி தானாக அறுவதற்குப் பல இலட்சம் ஆண்டுகள் எடுக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள், பரீட்சைக்குத் தேவையில்லை. "தண்ணீர் ஒன்று வெளியேறிப் பிணைப்பு உருவாகிறது" என்று எழுதினால் புள்ளி உண்டு, ஆனால் செடி அப்படிச் செய்வதில்லை. தண்ணீருக்குள்ளே இருந்துகொண்டு தண்ணீரைக் கழற்றுவது நட்டக் கணக்கு, சீனித் தண்ணீரை எத்தனை நாள் வைத்தாலும் அது மாப்பொருள் ஆகாது. செடி முதலில் சக்தியைச் செலவழித்துக் குளுக்கோசை ஒரு நியூக்கிளியோரைட்டோடு (டி.என்.ஏ., ஆர்.என்.ஏ.வைக் கட்டும் அலகின் வகை) கட்டுகிறது, அங்கிருந்துதான் அதைச் சங்கிலியின் நுனிக்கு மாற்றுகிறது. சீனி இப்படி நியூக்கிளியோரைட்டைச் சுமந்துகொண்டு போவதைக் கண்டுபிடித்ததற்காக ஆர்ஜென்டினாவின் லூயிஸ் லெலொயருக்கு 1970 இல் நோபல் பரிசு கொடுத்தார்கள்.

பண்டாரவளையிலிருந்து ஒரு வாசகி: அப்பாவுக்குச் சீனி வருத்தம். பிளேன்டிக்குச் சீனி போடுவதை நிறுத்தி நாளாகிவிட்டது, இனிப்பே தொடுவதில்லை. ஆனால் காலையும் இரவும் ரொட்டிதான். கிளினிக்கில் பார்த்தால் சீனி குறையவே இல்லை. சாப்பிடாத சீனி எங்கிருந்து வருகிறது?

ரொட்டியிலிருந்துதான், தங்கச்சி. கோபிக்காமல் கணக்கைப் பாருங்கள்.

சங்கிலியில் இருக்கும்போது ஒரு குளுக்கோசு அலகின் நிறை 162, ஏனென்றால் பிணையும்போது தண்ணீரை இழந்துவிட்டது. வயிற்றுக்குள் வெட்டும்போது ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு தண்ணீர் மூலக்கூறு திரும்ப ஏறுகிறது, வெளியே வருவது 180. அதாவது 100 கிராம் மாப்பொருள் முழுதாகச் சமித்தால் 111 கிராம் குளுக்கோசு. கோதுமை மாவில் ஏறத்தாழ 70 வீதம் மாப்பொருள், ஆகவே 100 கிராம் மாவில் சுட்ட ஒரு ரொட்டி கிட்டத்தட்ட 78 கிராம் குளுக்கோசாக முடியும். நம் தோட்டப்புறத்து ரொட்டியின் தடிப்பு உங்களுக்குத் தெரியும். இப்போது அப்பா விட்டுவிட்ட அந்தச் சீனியைப் பாருங்கள். இரண்டு தேக்கரண்டி என்றால் 10 கிராம் அளவு, அதிலும் பாதிதான் குளுக்கோசு, மற்றப் பாதி பிரக்டோசு. அவர் 5 கிராமைத் தடுத்துவிட்டு 78 கிராமை வாசலைத் திறந்து உள்ளே விடுகிறார். சீனியை விட்டது நல்லதுதான், திரும்பப் போடச் சொல்லவில்லை, ஆனால் நாக்குக்கு இனிக்காதது எல்லாம் இரத்தத்துக்கும் இனிக்காது என்ற நம்பிக்கைதான் நம் ஆட்களை ஏமாற்றுகிறது. மாப்பொருள் இனிக்காததற்குக் காரணம் அந்த மூலக்கூறு நாக்கின் சுவை வாங்கிகளில் பொருந்த முடியாத அளவு பெரிது என்பதுதான், குளுக்கோசு இல்லாததால் அல்ல.

மாப்பொருளில் அமைலோசு ஏறத்தாழ கால் பங்கு, மிச்சம் அமைலோபெக்டின். அதில் 24 முதல் 30 அலகுக்கு ஒருமுறை அல்பா 1,6 பிணைப்பு வந்து கிளை பிரியும். அமைலேசு இந்தக் கிளைப் பிணைப்பை வெட்டாது, அதற்குச் சிறுகுடல் சுவரில் வேறொரு நொதியம் இருக்கிறது. கிளைவிட்ட சங்கிலி நெருக்கமாக அடுக்க முடியாமல் விரிந்து கிடப்பதால் சீக்கிரம் சமிக்கிறது, கிளையில்லாத அமைலோசு அடுக்கிக்கொண்டால் தாமதமாகச் சமிக்கிறது. அமைலோசு கூடிய பாஸ்மதி போன்ற அரிசிகள் இரத்தத்தில் சீனியை மெதுவாக ஏற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆக்கி ஆறவைத்த சோற்றிலும் கிழங்கிலும் சங்கிலிகளில் ஒரு பகுதி மறுபடி இறுகிச் சமிக்காமல் போகும் என்பது உண்மைதான், ஆனால் அந்தப் பகுதி சிறியது, அதை நம்பி இரண்டு கோப்பை கூடச் சாப்பிடுவதற்கு இல்லை. குரக்கனிலும் (கேழ்வரகு) பெரும்பகுதி மாப்பொருள்தான். நார் கூட, அவ்வளவுதான்.

அப்பா முன்பு மலையில் ஏறி இறங்கி வேலை செய்தவர் என்று கடிதத்தின் அடியில் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் காலத்தில் இதே ரொட்டி அவரை ஒன்றும் செய்யாததற்கு ஒரு காரணம் தசை. தசை குளுக்கோசை இழுத்துக் கிளைக்கோஜனாக அடுக்கி வைக்கும். அதுவும் அல்பா 1,4 சங்கிலிதான், ஆனால் 8 முதல் 12 அலகுக்கு ஒரு கிளை, நுனிகள் எக்கச்சக்கம், தேவைப்படும்போது எல்லா நுனியிலிருந்தும் ஒரேயடியாகக் கழற்றலாம். தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிற மனிதன் அதைக் கழற்றிச் செலவழித்துக்கொண்டே இருப்பான். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தால் களஞ்சியம் நிறைந்துதான் கிடக்கும், வந்து சேரும் சீனிக்கு இடம் இருக்காது. ரொட்டியைப் பாதியாகக் குறைத்து, பருப்பும் கீரையும் கூட்டி, சாப்பிட்டபின் கொஞ்சம் நடக்கச் சொல்லுங்கள். மருந்து எடுப்பவர் என்றால் உணவைத் திடீரென்று குறைக்க முன் கிளினிக்கில் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடலாம்.

ஹட்டனிலிருந்து ஒரு சாதாரண தர மாணவன்: சீனியைக் கண்டறியும் பெனடிக்ற் பரிசோதனையில், நீலக் கரைசலில், குளுக்கோசுக்குச் செங்கட்டி நிறம் வந்தது. கடைச் சீனிக்கு நீலம் நீலமாகவே இருந்தது. சீனி பழுதா?

சீனி நன்றாகத்தான் இருக்கிறது, தம்பி. முதலாம் காபன் சும்மா இருக்கும் சீனிதான் பெனடிக்ற் கரைசலோடு தாக்கம் புரியும். கடைச் சீனியான சுக்குரோசில் குளுக்கோசின் முதலாம் காபனும் பிரக்டோசின் இரண்டாம் காபனும் ஒன்றையொன்று பிடித்துப் பூட்டிக்கொண்டுவிட்டன. பிரக்டோசுக்கு அந்த இரண்டாம் காபன்தான் முக்கியமான இடம், ஆகவே இரண்டு பக்கமும் சும்மா இருப்பது ஒன்றும் இல்லை. ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் கொஞ்சம் விட்டுக் கொதிக்கவைத்து, சோடியம் இருகாபனேற்றால் நடுநிலையாக்கி, மறுபடி பெனடிக்ற் விட்டுப் பாருங்கள். சிவக்கும். இதைச் செய்ய விடாமல் விடையை மட்டும் எழுதிக்கொள்ளச் சொல்கிற வகுப்புகளும் இருக்கின்றன, என்ன செய்ய.

அயடீனுக்கு மாப்பொருள் கருநீலமாவது ஏன் என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் பதிலில் சொன்ன அமைலோசுச் சுருளின் உள்ளே அயடீன் வரிசையாகப் போய் உட்கார்ந்துகொள்கிறது, நிறம் அதனால் வருகிறது. சூடாக்கினால் சுருள் குலைந்து நிறம் போகும், ஆறினால் திரும்பி வரும்.

நுவரெலியா வாசகர் ஒருவர்: உருளைக்கிழங்கைப் பிரிட்ஜில் வைத்தால் இனித்துப் போகிறது, பொரித்தால் கறுக்கிறது. மருந்து அடித்த கிழங்கா?

மருந்து இல்லை, குளிர்தான். 6 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் கிழங்கு தன் மாப்பொருளை வெட்டிச் சுக்குரோசாகவும் குளுக்கோசாகவும் பிரக்டோசாகவும் மாற்றிக்கொள்ளும். பொரிக்கும்போது அந்தக் குளுக்கோசும் பிரக்டோசும் கிழங்கில் உள்ள அமினோ அமிலங்களோடு சேர்ந்து கறுக்கின்றன. வெளியே எடுத்து இரண்டு கிழமை வைத்தால் ஓரளவு பழைய நிலைக்கு வரும். அதுசரி, நுவரெலியாவில் இருந்துகொண்டு கிழங்குக்குப் பிரிட்ஜ் எதற்கு? காற்றோட்டமான இருட்டு மூலை போதும்.

தலவாக்கலையிலிருந்து, தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் ஒருவர்: பச்சைக் கொழுந்தை முகர்ந்தால் இலை வாசம்தான். ரோலரில் போட்டபின் வருகிற வாசனை எங்கிருந்து வருகிறது? சீனிப் பிணைப்புக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இந்தக் கேள்விக்காகவே இந்த இதழை எழுதியிருக்கலாம். சம்பந்தம் உண்டு, நேரடியாக.

பூ வாசம் தரும் லினலூல், ஜெரனியோல் போன்ற பொருட்களைத் தேயிலைச் செடி கொழுந்துக்குள் அப்படியே விட்டு வைப்பதில்லை. ஒரு பெரும்பங்கை இருசீனி ஒன்றோடு பீற்றா கிளைக்கோசிடிக் பிணைப்பால் கட்டி வைத்திருக்கிறது. அந்தச் சீனிக்குப் பிரைமவரோசு என்று பெயர், ஒரு குளுக்கோசும் ஒரு சைலோசும் சேர்ந்தது. சீனியோடு கட்டுண்ட வாசனைப் பொருள் தண்ணீரில் கரையும், ஆனால் ஆவியாகாது. ஆவியாகாதது மூக்குக்கு வராது. இதைக் கழற்றும் நொதியமும் அதே இலையிலேதான் இருக்கிறது, ஆனால் அது கலத்தின் சுவர்ப் பக்கத்தில், வாசனைப் பொருள் கலத்தின் உள்ளே புன்வெற்றிடம் என்ற சாறு நிறைந்த பையில். இடையில் மென்சவ்வு. கொழுந்து முழுசாக இருக்கும்வரை இரண்டும் சந்திக்காது. ரோலர் இலையை நசுக்கிக் கலத்தை உடைத்ததும் இரண்டும் கலந்து, நொதியம் அந்தப் பீற்றா பிணைப்பை வெட்ட, சீனி ஒரு பக்கம் போக வாசனைப் பொருள் காற்றில் ஏறுகிறது. வாசனைக்கு இது ஒன்றே வழி என்று சொல்லவில்லை, வாட்டும்போதும் சில வாசனைகள் புதிதாக உண்டாகின்றன. இலை செம்புநிறமாவதோ வேறு நொதியத்தின் வேலை, அதற்குக் காற்றில் உள்ள ஒட்சிசன் வேண்டும், அதைத்தான் நீங்கள் புளிக்க வைப்பது என்கிறீர்கள்.

ஊவாப் பக்கம் ஆடி, ஆவணிக் காற்றில் வருகிற தேயிலைக்கு ஒரு தனி வாடை உண்டல்லவா, கொஞ்சம் மூட்டுவலித் தைலம் மாதிரி. அது மாதிரி அல்ல, அதே பொருள்தான், மீதைல் சலிசிலேற்று. அதுவும் இலைக்குள் சீனியோடு கட்டுண்டு கிடப்பதுதான். வெளிநாட்டுக்காரர் அதற்கென்று தனி விலை கொடுத்து வாங்குகிறார்கள், கொழுந்து பறித்தவரின் நாள் சம்பளத்தில் அந்த வாசனைக்கு ஒரு வரியும் இல்லை.

பூண்டுலோயாவிலிருந்து ஒருவர்: கடலை, பருப்பு சாப்பிட்டால் வயிறு ஊதுகிறது. வேகாததாலா?

நன்றாக வெந்தாலும் ஊதும். கடலையிலும் பருப்பிலும் ரஃபினோசு, ஸ்டாக்கியோசு என்ற சின்னச் சங்கிலிகள் உண்டு, அதில் கலக்டோசு என்ற இன்னொரு சீனி அல்பா 1,6 பிணைப்பால் ஒட்டியிருக்கும். அல்பாதானே, நம்மால் வெட்ட முடியுமே என்று நினைக்கக்கூடாது. நம் குடலில் இருப்பது குளுக்கோசின் அல்பா பிணைப்பை வெட்டும் நொதியம், கலக்டோசின் அல்பா பிணைப்பை வெட்டுவது நம்மிடம் இல்லை. ஆகவே அது அப்படியே பெருங்குடலுக்கு இறங்கி, அங்குள்ள பக்டீரியாக்கள் தின்று வாயு விடுகின்றன. பால் குடித்தால் சிலருக்கு வயிறு ஊதுவதும் இதே வகைதான், வளர்ந்தபின் பாலின் சீனியான இலக்டோசை வெட்டும் நொதியம் குறைந்துபோகிறது. கடலையை இரவே ஊறவைத்து, ஊறின தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் அவியுங்கள், அந்தச் சங்கிலிகள் தண்ணீரில் கரைவதால் ஒரு பங்கு அதோடு போய்விடும். முளைகட்டினால் இன்னும் குறையும், முளைக்கிற விதை தன் சாப்பாட்டுக்கு அதைத்தான் முதலில் எடுக்கிறது.